ஒரே அளவுகோல், பல பட்டைகள்: பைதனில் ஜீனோம் உலாவிப் படம் வரைவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் கடற்கரை வீதியைத் தாளில் வரையச் சொன்னால், பெரும்பாலோர் வளைவுகளை எல்லாம் மறந்துவிட்டு ஒரு நேர்கோடு இழுப்பார்கள். அதில் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே பள்ளிக்கூடங்களுக்கு ஒரு பட்டை, பஸ் தரிப்பிடங்களுக்கு ஒரு பட்டை, மழையளவுக்கு ஒரு பட்டை என்று அடுக்கினால், எல்லாப் பட்டைகளுக்கும் கிலோமீட்டர் கணக்கு ஒன்றுதான். ஜீனோமை, அதாவது ஓர் உயிரினத்தின் முழு டிஎன்ஏவையும், திரையில் காட்டும் மென்பொருளான ஜீனோம் உலாவி தரும் படமும் இதுவே. வீதிக்குப் பதில் நிறமூர்த்தம், கிலோமீட்டருக்குப் பதில் டிஎன்ஏ எழுத்துகளின் எண்ணிக்கை. (தமிழ்நாட்டு வாசகர்கள் நிறமூர்த்தத்தைக் குரோமோசோம் என்று வாசித்துக்கொள்ளலாம்; எங்கள் உயர்தரப் பாடநூல் பழக்கம் என்னை விடுவதாக இல்லை. நைதரசன் மூலங்களை மட்டும், வாசிக்க இலகுவாக, எழுத்துகள் என்றே சொல்கிறேன்.)

இந்த வழிகாட்டி என் அக்காவின் மகளால் வந்தது. ஆய்வேட்டுக்காக உலாவியின் திரையை அப்படியே படம்பிடித்து ஒட்டியிருந்தாள். அச்சிட்ட தாளில் எழுத்துகள் எறும்பு வரிசைபோல இருந்தன. "மாமா, இதையே பைதனில் வரைய முடியாதா?" என்று கேட்டாள். முடியும். உலாவி தேடுவதற்கான கருவி. அதில் நாற்பது பட்டைகள் இருந்தாலும் குற்றமில்லை. ஆய்வேட்டுப் படம் ஒரு செய்தியைச் சொல்வதற்கானது. அதில் நான்கு பட்டைகளே அதிகம். ஆயத்தக் கருவிகள் பல இருந்தாலும், முதல் படத்தை, பைதனின் வரைபட நூலகமான மெட்பிளொட்லிப்பை மட்டும் கொண்டு கையால் வரைந்து பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். ஒலித்துப் பார்த்தால் எந்தக் கட்டளை என்று விளங்கிவிடும்.

எதை வரையப்போகிறோம்

எடுத்துக்காட்டுக்கு, ஈமோகுளோபினின் ஒரு பகுதியைத் தரும் பீட்டா குளோபின் மரபணு. இலங்கையில் பரம்பரை இரத்த நோயான தலசீமியாவைப் பற்றிப் பேசும் எவரும் இதைத் தொடாமல் போக முடியாது. மேலும் இது சின்னஞ்சிறு மரபணு, கணக்கைக் கையாலேயே சரிபார்க்கலாம். 11ஆம் நிறமூர்த்தத்தில், ஜிஆர்சிஎச்38 என்ற மனித ஜீனோம் பதிப்பின்படி, 5,225,464இலிருந்து 5,227,071 வரை 1,608 எழுத்துகள். மூன்று எக்சோன்கள் (முதிர்ந்த ஆர்என்ஏயில் தங்கும் பகுதிகள்), இடையில் 130 எழுத்துகளும் 850 எழுத்துகளும் கொண்ட இரண்டு இன்ட்ரோன்கள் (வெட்டி நீக்கப்படும் பகுதிகள்). மரபணு, டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதிர்த்திசையில் வாசிக்கப்படும் எதிர் இழையில் இருக்கிறது. அதாவது அதன் தொடக்கம் பெரிய எண் பக்கம், முடிவு சிறிய எண் பக்கம்.

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் பென்சிலால் வரையுங்கள். மேலே நான்கு மாற்றங்கள் (ஒவ்வொன்றிலும் மரபணுவின் ஓர் எழுத்து மாறியிருக்கும்), நடுவில் மரபணு, கீழே மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்ற சமிக்ஞை. தாளில் இடம் போதாவிட்டால் திரையிலும் போதாது.

பதிப்பும் எண்ணும் முறையும்

இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டாதீர்கள். வெறுமையான படமோ பிழையான படமோ வந்தால் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும்.

முதலாவது, பதிப்பு. பழைய ஜிஆர்சிஎச்37 பதிப்பில் இதே மரபணு 21,230 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. மரபணுவின் நீளமே 1,608தான். எனவே ஒரு கோப்பு பழைய பதிப்பிலும் மற்றது புதிய பதிப்பிலும் இருந்தால், இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வரவே வராது. நான் ஒருமுறை இப்படி ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். கட்டளையில் பிழை தேடிக்கொண்டேயிருந்தேன். கட்டளை சரி, கோப்பு வேறு காலத்துக் கோப்பு. கோப்பின் பெயரிலேயே பதிப்பை எழுதி வைக்கும் பழக்கம் அன்றிரவு தொடங்கியது. நிறமூர்த்தத்தின் பெயரையும் பாருங்கள். சில இடங்களிலிருந்து வரும் கோப்புகளில் "சிஎச்ஆர்" என்ற முன்னொட்டுடன் 11 இருக்கும். வேறு சிலவற்றில் வெறும் 11. நிரலுக்கு அவை இரண்டும் வேறு வேறு ஊர்கள்.

இரண்டாவது, எண்ணும் முறை. வீதியோரக் கிலோமீட்டர் கற்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கற்களை எண்ணுகிறார், மற்றவர் கற்களுக்கு இடைப்பட்ட துண்டுகளை எண்ணுகிறார். முதல் துண்டு, கல் 0க்கும் கல் 1க்கும் இடையில். இடங்களின் எளிய பட்டியலான பெட் வகைக் கோப்பு கற்களை எண்ணுகிறது. மரபணுக்களைப் பட்டியலிடும் ஜிடிஎஃப், ஜிஎஃப்எஃப் வகைகளும், மாற்றங்களைப் பட்டியலிடும் விசிஎஃப் வகையும் துண்டுகளை எண்ணுகின்றன. ஆகவே மூன்றாவது எக்சோன் ஜிடிஎஃப் கோப்பில் 5225464–5225726 என்றிருந்தால், பெட் கோப்பில் 5225463–5225726 என்றிருக்கும். பெட் முறையில் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நேரே நீளம் வரும்: 263. மற்ற முறையில் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

வரைவதற்குப் பெட் முறையே நல்லது, ஏனென்றால் செவ்வகத்தின் ஓரங்கள் கற்களில் நிற்பவை. எந்தக் கோப்பிலிருந்து வந்தாலும், வாசித்த உடனேயே பெட் முறைக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகு நிரலில் எங்கும் ஒன்றைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. ஒற்றை எழுத்து மாற்றத்தை மட்டும் துண்டின் நடுவில் வையுங்கள்: 5227002ஆம் எழுத்து என்றால் 5227001.5.

மூன்று எக்சோன்களையும் இப்போது ஒரு சிறு அட்டவணையாகக் கையாலேயே எழுதலாம்: 5225463–5225726, 5226576–5226799, 5226929–5227071. புரதத்துக்கான குறியீட்டுப் பகுதி 5225597இலிருந்து 5227021 வரை. சரிபார்ப்பு ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு எக்சோனிலும் குறியீட்டுப் பகுதிக்குள் விழும் நீளம் 129, 223, 92, கூட்டினால் 444, அது மூன்றால் மீதியின்றி வகுபட்டு 148 குறியன்களை (மூன்றெழுத்துத் தொகுதிகளை) தருகிறது. அவற்றில் ஒன்று நிறுத்தற் குறியன், மற்ற 147உம் அமினோ அமிலங்களுக்கு. எங்காவது ஒன்று பிசகியிருந்தால் மூன்றால் வகுபடாமல் போய் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையை "அசேர்ட்" கட்டளையாக நிரலுக்குள்ளேயே எழுதி வையுங்கள்.

கணினி ஆயத்தம்

இந்தத் திட்டத்துக்கென்று தனி மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி, அதில் மெட்பிளொட்லிப், அட்டவணைகளுக்குப் பாண்டாஸ், எண் கணக்குக்கு நம்பை, சமிக்ஞைக் கோப்பை வாசிக்கப் பைபிக்விக் ஆகியவற்றை நிறுவுங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குப் பைபிக்விக் தலைவலி தரும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் வசதியை இயக்கிவிட்டு அதற்குள் வேலை செய்வது நிம்மதி.

எலும்புக்கூடு

"சப்பிளொட்ஸ்" கட்டளைக்கு மூன்று கிடைவரிசை, ஒரு நெடுவரிசை என்று கொடுங்கள். "ஷேர்எக்ஸ்" என்பதை உண்மை என்று வைத்தால் மூன்று பட்டைகளும் ஒரே கிடை அளவைப் பகிரும். இந்த ஒரு சொல்தான் முழுப் படத்தின் முதுகெலும்பு. உயரங்கள் சமமாக இருக்கத் தேவையில்லை. "ஹைட் ரேஷியோஸ்" வழியாக மாற்றங்களுக்கு 3, மரபணுவுக்கு 1, சமிக்ஞைக்கு 2 என்று கொடுத்துப் பாருங்கள். படத்தின் அகலம் அங்குலத்தில் கேட்கப்படும். 18 சென்டிமீட்டர் வேண்டுமானால் 7.09. தாளில் எந்த அளவில் அச்சாகுமோ அதே அளவில் தொடக்கத்திலிருந்தே வரையுங்கள். பெரிதாக வரைந்து பிறகு சுருக்குவதால்தான் எறும்பு வரிசை எழுத்துகள் பிறக்கின்றன.

கிடை எல்லையை "செட் எக்ஸ்லிம்" வழியாக 5225200 முதல் 5227400 வரை நீங்களே நிர்ணயியுங்கள். மரபணுப் பட்டைக்குச் செங்குத்து எல்லையையும் நீங்களே கொடுங்கள். செவ்வகங்களைச் சேர்க்கும் "அட் பாட்ச்" கட்டளை, பார்வை எல்லையைத் தானாக விரிக்காது. எல்லை கொடுக்காதவர்களுக்கு 0 முதல் 1 வரையான வெற்றுச் சட்டம் தெரியும். ஐம்பது இலட்சத்துக்கு அப்பால் அழகான மரபணு ஒன்று யாரும் பார்க்காமல் இருந்துகொண்டிருக்கும்.

மரபணுவை வரைதல்

மரபுப்படி இன்ட்ரோன் ஒரு மெல்லிய கோடு, எக்சோனின் குறியீடற்ற பகுதி தாழ்ந்த செவ்வகம், குறியீட்டுப் பகுதி உயர்ந்த செவ்வகம். மூன்றையும் வரைய எளிய வழி இது. முதலில் மரபணுவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே கோடு. அதன்மேல் எக்சோன் ஒவ்வொன்றையும் தாழ்ந்த செவ்வகமாக, உயரம் 0.3. அதன்மேல், எக்சோனும் குறியீட்டுப் பகுதியும் சந்திக்கும் துண்டை மட்டும் உயர்ந்த செவ்வகமாக, உயரம் 0.6. சந்திக்கும் துண்டைக் காண இரு தொடக்கங்களில் பெரியதையும் இரு முடிவுகளில் சிறியதையும் எடுங்கள். தொடக்கம் முடிவைவிடச் சிறியதாக இருந்தால் மட்டும் வரையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால் எதையும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. எது மேலே என்பதை "சீ ஓர்டர்" எண் தீர்மானிக்கும்.

திசைக்கு, இன்ட்ரோன் கோட்டின்மீது இடப்பக்கம் பார்க்கும் சிறு கோணக்குறிகளை வையுங்கள். முதல் இன்ட்ரோன் 130 எழுத்துகள்தான். இந்த அளவில் தாளில் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. அங்கே ஒரு குறி, நீண்ட இன்ட்ரோனில் நான்கைந்து குறிகள், அவ்வளவு போதும்.

எதிர் இழை மரபணுவைத் திருப்பி, இடமிருந்து வலமாக ஓடும்படி காட்டலாமா? "இன்வேர்ட் எக்ஸாக்சிஸ்" என்ற ஒரே கட்டளையில் முடியும். மருத்துவ வாசகர்களுக்கு அது வசதி, எக்சோன் 1 முதலில் வரும். ஆனால் உலாவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் குழம்புவார். நான் திருப்புவதில்லை. திருப்பினால் படத்தின் கீழ்க் குறிப்பில் அதைச் சொல்லிவிடுங்கள்.

பக்கத்து மரபணுக்களையும் சேர்த்து வரையும்போது பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதற்கு வரிசை பிரிக்க வேண்டும்: மரபணுக்களைத் தொடக்க எண்ணின்படி அடுக்குங்கள், ஒவ்வொன்றையும், இடமிருக்கும் முதல் வரிசையில் போடுங்கள், எந்த வரிசையிலும் இடமில்லாவிட்டால் புதிய வரிசை திறவுங்கள். இடம் இருக்கிறதா என்று பார்க்கையில் மரபணுவின் நீளத்தோடு அதன் பெயர் பிடிக்கும் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

நெருங்கி நிற்கும் நான்கு மாற்றங்கள்

மேல் பட்டையில் குச்சி மிட்டாய்போல, புள்ளியும் தண்டுமாக நான்கு மாற்றங்களைக் காட்டப்போகிறோம். அரிவாள் செல் நோய்க்குக் காரணமானது 5227002இல். ஈமோகுளோபின் ஈ எனப்படுவது 5226943இல். முதல் இன்ட்ரோனின் முதலாவது எழுத்தில் ஏற்படும் மாற்றம் 5226929இல், ஐந்தாவது எழுத்தில் ஏற்படுவது 5226925இல். பின்னைய மூன்றும் இலங்கைத் தலசீமியா நோயாளர்களில் நன்கு அறியப்பட்டவை.

கடைசி இரண்டுக்கும் இடையே நான்கே எழுத்துகள். பதினாறு சென்டிமீட்டர் அகலச் சட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 137 எழுத்துகள். நான்கு எழுத்துகள் என்பது முடியளவு தூரம். பெயர்களை நேரே மேலே எழுதினால் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். தண்டின் அடியை உண்மையான இடத்திலிருந்து நகர்த்தக்கூடாது; அது பொய். பெயரை மட்டும் நகர்த்தி, அடிக்கும் பெயருக்கும் இடையே முழங்கைபோல வளைந்த கோடு இழுக்க வேண்டும்.

எவ்வளவு நகர்த்துவது? இரண்டு பெயர்களுக்கிடையே குறைந்தது 160 எழுத்துகள் இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாகப் போங்கள். முதல் பெயர் தன் இடத்தில். அடுத்த ஒவ்வொன்றுக்கும், தன் சொந்த இடம், முந்தைய பெயரின் இடத்தோடு 160 சேர்த்தது, இரண்டில் பெரியது. இப்படிச் செய்தால் 5226925, 5227085, 5227245, 5227405 என்று வரும். கடைசிப் பெயர் சட்டத்துக்கு வெளியே விழுந்துவிட்டது! பெயர்களின் சராசரி உண்மையான இடங்களின் சராசரியைவிட ஏறத்தாழ 215 எழுத்துகள் வலப்பக்கம் போயிருக்கிறது. எல்லாப் பெயர்களையும் அந்த 215ஆல் இடப்பக்கம் இழுங்கள்: 5226710, 5226870, 5227030, 5227190. கூட்டம் இப்போது மாற்றங்களின் தலைக்குமேல் நடுவாக நிற்கிறது, சட்டத்துக்குள் அடங்குகிறது. பத்து வரி நிரல்தான். அக்காவின் மகள் இதைத் தானே எழுதி முடித்தபோது, "இனி எனக்கு வேறு கருவி தேவையில்லை மாமா" என்றாள். தேவைப்படும், அது பின்னால் வருகிறது.

சமிக்ஞைப் பட்டை

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று வைத்திருக்கும் பெரிய கோப்புகள் பிக்விக் வகையில் வருகின்றன. 11ஆம் நிறமூர்த்தம் மட்டுமே 13 கோடியே 50 இலட்சம் எழுத்துகள். ஆனால் பிக்விக் கோப்புக்குள் அட்டவணை இருப்பதால், வேண்டிய பகுதியை மட்டும் வாசிக்கலாம். பைபிக்விக்கின் "ரிமோட்" மதிப்பு 1 என்று காட்டினால், இணையத்தில் இருக்கும் கோப்பிலிருந்தும் அந்தத் துண்டை மட்டும் எடுக்கலாம். கைப்பேசி டேட்டாவில் வேலை செய்யும் எங்களைப் போன்றோருக்கு இது பெரிய வரம். எடுத்த துண்டை ஒரு சிறு கோப்பில் சேமித்துவிடுங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மின்சாரம் போய் வரும். ஒவ்வொரு முறை வரையும்போதும் இணையத்தை நம்பியிருக்க முடியாது.

இப்போது பரப்பை அகலமாக்குவோம். 5,220,000 முதல் 5,280,000 வரை எடுத்தால் பீட்டாவோடு டெல்டா, இரண்டு காமா, எப்சிலன் என்று குளோபின் குடும்பமே வந்துவிடும். 60,000 எழுத்துகளை அப்படியே வரைவதில் பயனில்லை. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 18 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 2,126 புள்ளிகள்தான். ஆகவே "ஸ்டாட்ஸ்" கட்டளையில் 1,000 கூறுகள் கேளுங்கள், கூறொன்றுக்கு 60 எழுத்துகள். சராசரியா உச்சமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சராசரி கேட்டால் ஒடுங்கிய சிகரங்கள் கரைந்துபோகும். உச்சம் கேட்டால் இரைச்சலும் சிகரமாகத் தெரியும். ஆர்என்ஏ வெளிப்பாட்டுக்குச் சராசரி, ஒடுங்கிய சிகரங்களுக்கு உச்சம் என்பது என் வழக்கம். "எக்சாக்ட்" என்பதை உண்மை என்று கொடுக்க மறந்தால், கோப்பில் முன்கூட்டியே சுருக்கி வைத்திருக்கும் எண்களிலிருந்து தோராயமான விடை வரும். தரவே இல்லாத கூறுகளுக்கு "நன்" என்ற வெற்று மதிப்பு வரும். அதைப் பூச்சியமாக்கும் முன், தரவு இல்லாமையும் பூச்சியமும் அந்தக் கோப்பில் ஒன்றுதானா என்று பாருங்கள்.

வரைவதற்கு "ஸ்டெயர்ஸ்" கட்டளை மிகப் பொருத்தம். ஆயிரம் மதிப்புகளையும் ஆயிரத்தொரு ஓரங்களையும் கொடுத்து, "ஃபில்" என்பதை உண்மை என்று வைத்தால், படிக்கட்டாக நிரப்பித் தந்துவிடும். ஓரங்கள் என்பவை நம்முடைய கிலோமீட்டர் கற்களே.

ஆய்வகத்தில் வளர்த்துப் பலரும் பயன்படுத்தும் கே562 என்ற செல்வரிசையின் ஆர்என்ஏ கோப்பை எடுத்துப் பாருங்கள். காமாவும் எப்சிலனும் எழுந்து நிற்கும், பீட்டா தரையோடு கிடக்கும். இது நிரலின் பிழையல்ல. அந்தச் செல்கள் கருநிலைக் குளோபின்களையே உருவாக்குகின்றன, வளர்ந்தோருக்குரிய பீட்டாவை உருவாக்குவதில்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. இப்போது பீட்டாவை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். செங்குத்து அளவைத் தானாக அமைய விட்டிருந்தால், அந்தச் சிறு இரைச்சல் சட்டம் முழுவதும் உயர்ந்து கோணமலைபோல நிற்கும். ஆகவே செங்குத்து எல்லையை எப்போதும் நீங்களே கொடுங்கள். இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே எல்லை. அந்த எண்ணைப் பட்டையின் மூலையில் எழுதியும் விடுங்கள். ஒப்பிடும் நிறங்களாகச் சிவப்பும் பச்சையும் வேண்டாம், நீலமும் செம்மஞ்சளும் நிறக்குருடு உள்ளவர்களுக்கும் பிரிந்து தெரியும்.

கீழ்க்கோட்டின் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்பிளொட்லிப் பெரிய எண்களைக் கண்டால் மூலையில் ஒரு கூட்டுத்தொகையை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதும் பழக்கமுடையது. "பங்க் போர்மாட்டர்" வழியாக எண்ணை முழுதாக, காற்புள்ளிகளோடு எழுதச் சொல்லுங்கள். நான்கு எண்களுக்கு மேல் வேண்டாம்.

ஆயத்தக் கருவிகள் எப்போது

ஐம்பது மரபணுக்களுக்கு ஒரே மாதிரிப் படம் வேண்டும் என்றால் பைஜீனோம்ட்ராக்ஸுக்குப் போங்கள். எந்தக் கோப்பு, என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று ஓர் அமைப்புக் கோப்பில் பட்டை பட்டையாக எழுதி, பரப்பைக் கட்டளை வரியில் கொடுத்தால் வரைந்துவிடும். பல ஜீனோம்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுக் காட்ட பைஜீனோம்விஸ். பிளாஸ்மிட் (பக்டீரியாக்களில் உள்ள சிறு டிஎன்ஏ வளையம்) போன்ற சிறு அமைப்புகளுக்கு டிஎன்ஏ பீச்சர்ஸ் வியூவர். இவை எல்லாம் உள்ளே மெட்பிளொட்லிப்பையே பயன்படுத்துகின்றன. கருவி பிழையாக வரைந்தால் அது பதிப்பா, எண்ணும் முறையா, எல்லையா என்று பார்த்தவுடன் சொல்ல, ஒருமுறை கையால் வரைந்தவரால் முடியும். என் பிடிவாதத்துக்குக் காரணம் அதுதான்.

சேமித்தலும் தமிழ் எழுத்தும்

பிஎன்ஜியாக அல்லாமல் எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடுகள் உடையாது. பிடிஎஃப்புக்கு எழுத்துரு வகையை 42 என்று வைத்தால், பிறகு வரைகலை மென்பொருளில் சொற்களைத் திருத்தலாம். ஆயிரக்கணக்கான துண்டுகள் உள்ள அடர்ந்த பட்டை ஏதும் இருந்தால், அதற்கு மட்டும் "ராஸ்டரைஸ்ட்" என்று கொடுத்துப் புள்ளிப் படமாக்குங்கள். இல்லாவிட்டால் கோப்பு திறக்கத் திணறும்.

படத்தில் தமிழ்ப் பெயர்கள் வேண்டுமென்றால் இரண்டு படி கூடுதல். இயல்பாக வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை, வெறும் கட்டங்கள் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி அதைக் குறிப்பிடுங்கள். அப்போதும், மெட்பிளொட்லிப்பின் பல பதிப்புகள் எழுத்துகளை ஒவ்வொன்றாக வைப்பதால், "கொ" என்பதில் கொம்பு இடம் மாறிப்போய் நிற்கும். எஸ்விஜிக்கான எழுத்துரு அமைப்பை "நன்" என்று வைத்தால் சொற்கள் கோடுகளாக மாறாமல் சொற்களாகவே சேமிக்கப்படும். அந்தக் கோப்பை இங்க்ஸ்கேப்பில் திறந்தால் கொம்பும் காலும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அச்சுக் கடைக்கு எஸ்விஜியைக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களுடைய கணினியில் அந்த எழுத்துரு இருக்காது, மறுபடியும் கட்டங்களோடுதான் வீடு வருவீர்கள். அக்காவின் மகளின் முதல் சுவரொட்டி அப்படித்தான் வந்தது. அதன் பின்பக்கம் இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படம் வரையப் பயன்படுகிறது.